முழங்கால் குருத்தெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: வலிமையும் நடமாட்டமும் திரும்பும் வழி

முழங்கால் குருத்தெலும்புக்கான அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவை இன்று ஆர்த்ரோஸ்கோப்பி என்னும் மூட்டு உள்நோக்கிக் கருவியின் வழியாகவே செய்யப்படுகின்றன. வெளியே தெரிவன இரண்டு அல்லது மூன்று சிறு தழும்புகள் மட்டுமே. ஆனால், ஒரே மாதிரியான தழும்புகளோடு வீடு திரும்பும் இருவருக்கு மூட்டினுள் முற்றிலும் வேறுபட்ட சிகிச்சைகள் நடந்திருக்கக்கூடும். ஒருவர் மறுநாளே காலூன்றி நடக்கலாம். மற்றவரோ ஆறு வாரங்கள் வரை அந்தக் காலில் முழு எடையைச் சுமத்தவே கூடாது.

'பக்கத்து வீட்டுக்காரர் பத்தாம் நாளே நடந்தாரே' என்ற பேச்சைக் கேட்டு, தைக்கப்பட்ட குருத்தெலும்பின் மீது உரிய காலத்துக்கு முன்பே பாரத்தை ஏற்றுவோர் உண்டு. வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காமலே வைத்திருந்து, மூட்டை இறுக விடுவோரும் உண்டு. முதலாமவருக்குத் தையல் பிரியலாம். இரண்டாமவருக்கு மூட்டு நிரந்தரமாக முழுமையாக நீளாமலோ மடங்காமலோ போகலாம்.

மூட்டினுள் செய்யப்பட்டது என்ன?

முழங்காலில் இருவகைக் குருத்தெலும்புகள் உள்ளன. முதலாவது, மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்பு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இவை அமைந்து, உடலின் பாரத்தைப் பரவலாக்கி அதிர்ச்சியைத் தாங்குகின்றன. இவற்றின் வெளி ஓரத்தில் மட்டுமே போதிய இரத்த ஓட்டம் உண்டு. ஆகவே அங்கு ஏற்படும் கிழிசலைத் தைத்தால் கூடும் வாய்ப்பு அதிகம். இரத்த ஓட்டமற்ற உட்பகுதி கிழிந்தால், பல நேரங்களில் பழுதுபட்ட சிறு பகுதியை மட்டும் செதுக்கி அகற்ற வேண்டியுள்ளது.

இரண்டாவது, எலும்பு முனைகளின் மேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் மூட்டுக் குருத்தெலும்பு. இதற்கு இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. அதனால் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. பழுதுபட்ட இடத்தில் எலும்பில் நுண்துளைகள் இட்டு மச்சையிலிருந்து புதுத் திசு வளரச் செய்வது ஒரு முறை. பாரம் குறைவாகத் தாங்கும் பகுதியிலிருந்து எடுத்துப் பொருத்துவது மற்றொரு முறை. ஆய்வகத்தில் பெருக்கிய குருத்தெலும்பு உயிரணுக்களை வைப்பது இன்னொன்று. எம்முறையாயினும், புதுத் திசு முதிர்வதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் தேவை.

யாருக்கு எவ்வளவு காலம்?

கிழிந்த பகுதியை அகற்றியவர்கள் பொதுவாக முதல் நாளிலிருந்தே தாங்கக்கூடிய அளவு எடையை ஊன்றி நடக்கலாம். சில நாள்களில் ஊன்றுகோலை விடலாம். உட்கார்ந்து பார்க்கும் பணிக்கு ஓரிரு வாரங்களிலும், விளையாட்டுக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்களிலும் பலரும் திரும்புகின்றனர்.

மெனிஸ்கஸ் தைக்கப்பட்டவர்களுக்குத் தாங்கு பட்டை அணிவிக்கப்படும். முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் முழங்காலை 90 பாகைக்கு மேல் மடக்க வேண்டாம் என்று பெரும்பாலும் அறிவுறுத்துவோம். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது கிழிசலின் வகையைப் பொறுத்தது. ஓட்டமும் விளையாட்டும் நான்கு முதல் ஆறு மாதங்களுக்குப் பின்னரே.

நுண்துளை முறையில் தொடை எலும்பின் பாரம் தாங்கும் பகுதி சீர்செய்யப்பட்டிருந்தால், ஏறத்தாழ ஆறு வாரங்கள் காலை மெல்லத் தரையில் தொட்டு மட்டுமே நடக்க வேண்டும். ஆயினும் மூட்டை அசைக்காமல் இருக்கக் கூடாது. பாரமற்ற மென்மையான அசைவே புதுத் திசுவுக்கு ஊட்டம் தருகிறது. கடும் விளையாட்டுக்கு ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

இவை பொதுவான அளவுகளே. உங்களுக்குரிய அளவை உங்கள் அறுவை மருத்துவரிடம் கேட்டு, விடுவிப்புச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

அறுவைக்குப் பின் 'கால் என் சொல்லைக் கேட்கவில்லை' என்று பலர் கூறுவது உண்மையே. மூட்டில் நீர் கோத்து வீங்கும்போது, தொடையின் முன்புறத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை அனிச்சையாகவே தடைப்படுகிறது. தசை விரைவாக மெலிகிறது. எனவே வீக்கத்தைக் குறைப்பதே வலிமை பெறுவதற்கான முதற்படி. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடங்கள் வரை, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். படுத்திருக்கையில் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். இக்காலத்தில் எண்ணெய் தேய்த்து நீவுவதும், வெந்நீர் ஒத்தடமும், பச்சிலைக் கட்டும் வேண்டா. அவை வீக்கத்தைக் கூட்டுவதோடு காயத்தில் தொற்றையும் உண்டாக்கலாம்.

இக்கட்டத்துக்கான பயிற்சிகள் எளியவை. பாதத்தை மேலும் கீழுமாக அசைப்பது கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் காக்கும். காலை நீட்டி, முழங்காலைப் படுக்கையில் அழுத்துவதுபோல் தொடைத் தசையை இறுக்கி ஐந்து வினாடிகள் வைத்துத் தளர்த்துங்கள். பத்து முறை, நாளில் மூன்று நான்கு வேளை. தாங்கு பட்டை பற்றிய அறிவுரைக்கு உட்பட்டு, குதிகாலைப் படுக்கையின் மேலே நகர்த்தி முழங்காலை மடக்குங்கள்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது சுகமாகத் தோன்றும். ஆனால் மூட்டு வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் முழுமையாக நீளாவிட்டால் நடையில் நொண்டல் நிலைத்துவிடும்.

வலிமை திரும்பும் கட்டம்

எடை ஊன்ற அனுமதி கிடைத்தபின், சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிதளவு மட்டும் மடங்கி எழுதல், தாழ்ந்த படியில் ஏறி இறங்குதல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை காத்தல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் படிப்படியாகக் கற்றுத் தருவார். போதிய அளவு மடங்கியபின் நிலையான மிதிவண்டி நல்ல பயிற்சி.

சரியான அளவில் பயிற்சி செய்கிறோமா என்பதை மறுநாள் காலை முழங்காலே சொல்லிவிடும். பயிற்சியின்போது தோன்றிய இலேசான வலி இரவுக்குள் அடங்கினால் அளவு சரி. மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் அளவு மிகுந்துவிட்டது. ஒரு நாள் குறைத்துவிட்டு மீண்டும் தொடருங்கள். முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் நடமாட்டம்

சமதளத்தில் நடக்க முழங்கால் 60 முதல் 70 பாகை வரை மடங்கினால் போதும். படிகளுக்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் 90 பாகையளவு வேண்டும். சம்மணமிடவும் குந்தி உட்காரவும் அதைவிட மிக அதிகமாக மடங்க வேண்டும். ஆகவே குந்தி அமரும் கழிப்பறையும் தரையில் அமர்ந்து உண்பதும் கடைசியில் திரும்பும் பழக்கங்கள் என்று கொள்ளுங்கள். மெனிஸ்கஸ் தைக்கப்பட்டவர்கள் குறைந்தது நான்கு மாதங்களாவது இவற்றைத் தவிர்ப்பது நல்லது. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையெனில், கழிப்பறை நாற்காலியை அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படியேறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. ஒற்றை ஊன்றுகோல் பயன்படுத்தினால் அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடியுங்கள்.

குடும்பத்தினர் கவனத்துக்கு

அன்பினால் எல்லா வேலைகளையும் நீங்களே செய்து, நோயாளரைப் படுக்கையிலேயே இருத்திவிடாதீர்கள். ஈரத் தரையையும் நழுவும் மிதியடிகளையும் அகற்றுவது, பயிற்சி நேரத்தை நினைவூட்டுவது, பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவு தருவது ஆகியவையே பேருதவி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புகைப்பழக்கம் உள்ளவர்கள் அதை விடுவதும் காயம் ஆற இன்றியமையாதவை.

தாமதமின்றி வர வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், மூட்டு திடீரெனச் சிக்கி அசையாமல் நிற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நொடியும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரையுங்கள்.

வீடு திரும்பும் நாளில் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: என் மூட்டினுள் செய்யப்பட்டது என்ன? எந்நாளிலிருந்து எவ்வளவு எடை ஊன்றலாம்? எவ்வளவு மடக்கலாம்? இவற்றுக்கான விடைகள் கையில் இருந்தால், பக்கத்து வீட்டுக் கணக்கு உங்களுக்குத் தேவைப்படாது.