ஆறாத புண்ணை ரத்தத்தில் தேடாதீர்கள்

"இந்தப் பாவு முடியட்டும் டாக்டர், அப்புறம் வந்து காட்டுறேன்." ஆரணி நெசவாளர்களிடம் இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். தறியில் உட்கார்ந்தால் கையும் காலும் ஓயாது. கன்னத்தில் அடக்கிய புகையிலைதான் பலருக்குத் துணை. அது ஊறிய இடத்திலேயே புண் வருகிறது. கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு வருகிறார்கள். இப்போது புதிதாக ஒரு கோரிக்கை: "புற்றுநோய் ரத்தத்திலேயே தெரிஞ்சிடுமாமே, அந்தச் சோதனையை எழுதிக் கொடுங்க."

ரத்தம் சொல்வது என்ன?

பாக்கும் சுண்ணாம்பும் எச்சிலில் சேரும்போது, செல்களை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றை அடக்குபவை சூப்பர் ஆக்சைடு டிஸ்முடேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகள். வாய்ப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இவை குறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்டார்கள். நல்ல ஆய்வு. ஆனால் சர்க்கரை நோயிலும் புகைப்பழக்கத்திலும்கூட இந்த அளவுகள் மாறும். எண்ணைப் பார்த்து இது புற்று, இது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

நம்பிக் கெடுபவை

புகையிலை இல்லாத வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்கிறார்கள். செய்யும். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து 20 ஆண்டுகள் கடந்துவிட்டன.

மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், நல்லது. சூட்டுப் புண் அதில் ஆறலாம்; புற்று ஆறாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பி காம்ப்ளக்ஸும் அப்படித்தான். மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டு மாதங்களைத் தொலைத்துவிட்டு வருபவரைப் பார்க்கையில் மனம் பதறுகிறது. அந்த மாதங்களை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது.

நொதி குறைகிறது என்றால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போடலாமே? பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்று குறையவில்லை, கூடியது. 1994-இல் வெளிவந்த முடிவு இது.

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் இன்னொன்று. பரவ விடுவது காத்திருப்புதான்.

எப்போது வரவேண்டும்?

2 வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத அளவுக்கு இறுகிய வாய். சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்போம்.

கண்ணால் பார்ப்பதை அற்பமாக நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஊர் ஊராக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கெஞ்சிக் கேட்கிறேன்

புகையிலையையும் பாக்கையும் விடுங்கள். இன்றே முடியாவிட்டால் விட உதவி கேளுங்கள். 30 வயது தாண்டிய எல்லோருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாயைப் பார்க்கிறார்கள். மேல்சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அம்மா, உங்கள் வீட்டுக்காரர் காரம் பட்டால் எரிகிறது என்று தட்டை ஒதுக்கினால், அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். பாவு பாதியில் நின்றாலும் பரவாயில்லை.