ஆவணங்களில் வாழும் முன்னோர்

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. சில பத்தாண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஏரிப்பாசன வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடந்தன. தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கப்படும்போது, 'இந்நிலம் யாருடையது? அவருடைய வாரிசுகள் யாவர்?' என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றுக்கு விடை தேடுவோர் தம்மை அறியாமலேயே குடும்ப வரலாற்று ஆய்வில் இறங்கிவிடுகின்றனர்.

பழைய செங்கற்பட்டுச் சீமை

1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்திய நிறுவனத்திற்குச் சாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் இங்குள்ள ஏறத்தாழ 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடுகள், ஏரிகள், விளைநிலங்கள், ஊர்ப்பணியாளருக்குரிய மானியங்கள் ஆகியவை அக்கணக்கில் இடம்பெற்றன. அதற்கு அடிப்படையான ஓலைக் கணக்குகள் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தேடும் முறை

தேடலை இன்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். வீட்டிலுள்ள பட்டாவையும் கிரயப் பத்திரத்தையும் முதலில் படிக்க வேண்டும். பத்திரத்தில் சுட்டப்படும் தாய்ப்பத்திரம் முந்தைய தலைமுறைக்கு வழிகாட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்று இடைப்பட்ட கைமாற்றங்களைக் காட்டும். இன்றைய புல எண்ணுக்குரிய பழைய புல எண்ணை அறிந்தால், நிலவரித்திட்டப் பதிவேட்டில் அக்காலப் பட்டாதாரரின் பெயரைக் காணலாம்.

மானிய நிலமாயின் மற்றொரு வாயிலும் உண்டு. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம், மானியத்தை முதலில் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், அவரது வயது, இருவருக்குமிடையே உள்ள உறவு ஆகியவற்றைப் பதிவு செய்தது. சில தலைமுறைகளின் தொடர்பு ஒரே வரியில் கிடைப்பது இப்பதிவேட்டின் சிறப்பாகும்.

பழங்கணக்குகளில் பசலி ஆண்டே வழங்கியது. அதனுடன் 590ஐக் கூட்டினால், அவ்வாண்டு தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 சூலை முதல் 1891 சூன் வரையுள்ள காலமாகும். நில அளவில் 24 மனை ஒரு காணி. ஒரு மனை 2400 சதுர அடி. இன்று 'கிரவுண்டு' எனப்படுவதும் இம்மனையே.

நீதிமன்றச் சான்றுகள்

பாகப்பிரிவினை வழக்குகளில் குடும்பக் கொடிவழியை இணைப்பது வழக்கம். உறவினரின் வாக்குமூலங்கள், பதிவேடுகள் கூறாத திருமணம், தத்து, பூசல் ஆகியவற்றைக் கூறும். மேல்முறையீட்டு வழக்குகளின் தீர்ப்புகளை 1862இல் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்றத்தின் பதிவுகளில் தேடலாம். வருவாய்த்துறையின் பழைய ஆவணங்கள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எனினும், வழக்காடியவர் தமக்குச் சாதகமானதையே கூறியிருக்கலாம். ஆகவே ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

ஏடு மறந்த பெயர்கள்

நிலப்பதிவேடு வரி செலுத்துபவரையே நாடியது, உழுதவரை அன்று. நிலமற்ற உழவுத் தொழிலாளரின் பெயர்களும் பெண்களின் பெயர்களும் அதில் அரிதாகவே காணப்படுகின்றன. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை, ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமும் குடியிருப்பு மனையும் இன்றித் தவித்த நிலையை அரசுக்கு உணர்த்தியது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின் வழி அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்றது. தலைமுறைகளாக ஏட்டில் இடம்பெறாத குடும்பங்கள் சில, அந்த ஒப்படைப்புப் பதிவுகளில்தான் நிலத்திற்கு உரியோராய் முதன்முதலில் தோன்றுகின்றன. அந்நிலங்களை மீட்க முயல்வோருக்கு இன்றும் அவையே வலிமையான சான்றுகள்.

வயல் தொழிற்சாலையானபின் வரப்பும் வாய்க்காலும் மறைந்துவிடும். புல எண் மட்டும் ஏட்டில் எஞ்சும். அவ்வெண்ணைப் படிக்கக் கற்றவர், தம் முன்னோரையும் அவர்தம் உரிமையையும் ஒருசேர அறிவர். ஏட்டில் பெயர் இல்லாதவர்களின் கதையை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பதும் அவர்தம் கடமையாகும்.