கைநாட்டுப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள்

கிராம சபைக்குப் போனதும் முதலில் கைக்கு வருவது வருகைப் பதிவேடு. பக்கத்திலேயே ஊதா மைப் பெட்டி. எழுதத் தெரியாதவர்கள் கட்டை விரலைப் பதித்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போய் உட்காருவார்கள். அதன்பிறகு குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை என்று பேச்சு ஓடும். அந்த ரேகைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதைப் பேசவும் அந்தச் சபைதான் இடம்.

கேட்க என்ன உரிமை?

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அதில் 18-ஆவது தொழிற்பயிற்சி, 19-ஆவது வயது வந்தோர் கல்வி, 20-ஆவது நூலகம். திண்டுக்கல் மாவட்டத்தின் 306 ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 84 பேர், பெண்களில் 68 பேர்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கூட்டம் உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தாக வேண்டும். திண்டுக்கல் மாநகராட்சியின் 48 வார்டுகளில் இருப்பவர்கள் கிராம சபையைப் போன்ற பகுதி சபையில் கேட்கலாம்.

என்னென்ன கேட்கலாம்?

எழுத்தறிவுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம் இது. 15 வயது நிரம்பிய யாரும் சேரலாம். சொல்லித் தருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வகுப்பு மொத்தம் 200 மணி நேரம். முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண்ணில் தேர்வு. உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

தொழில் கற்க, வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தை நாடலாம். தையல், அழகுக்கலை, கைப்பேசிப் பழுது போன்ற குறுகிய காலப் பயிற்சிகள், கட்டணம் இல்லை.

நேரத்தை ஊர்தான் சொல்ல வேண்டும்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண் விடியும் முன்பே தோட்டத்தில் நிற்பார். இரவு எட்டு மணி வகுப்பில் அவருக்குக் கண் செருகும். மதியம் மூன்று மணி என்றால் வருவார். வேடசந்தூர் நூற்பாலைக்குப் போகிறவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். எப்போதும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால், ஷிப்ட் மாறும் வாரம் அவரால் வர முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுகளில் ஒன்றான மாங்காய்ப் பூட்டைச் செய்கிறவருக்கு அரம் பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டாம். கைப்பேசியில் ஆர்டர் எடுத்துப் பில் போடக் கற்றுத்தந்தால் போதும். இதெல்லாம் மாவட்ட அலுவலக மேசையில் இருந்தபடி தெரியாது. மக்களிடம் கருத்துக் கேட்பது இதற்குத்தான்.

தீர்மானம் எப்படி இருக்க வேண்டும்?

‘முதியோர் கல்விக்கு ஆவன செய்ய வேண்டும்’ என்று எழுதினால் அது ஏட்டிலேயே தூங்கும். ‘கிழக்குத் தெருவில் 22 பேர், மதியம் 3 முதல் 5 வரை, இடம் சமுதாயக் கூடம், சொல்லித்தர இரண்டு பேர் தயார்’ என்று எழுதுங்கள். ஊராட்சிச் செயலர் அதைப் பதிவேட்டில் ஏற்றும்போது தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்க அந்த எண்தான் கைப்பிடி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கை தூக்குங்கள்’ என்று சபையில் கேட்காதீர்கள். ஒரு கையும் எழாது. ஒரு வாரம் முன்பே தண்ணீர்க் குழாயடியில், வீட்டுத் திண்ணையில் தனியாகக் கேட்டுவிடுங்கள். சபைக்குப் பெயர்கள் தேவையில்லை, எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க, கடந்த கூட்டத்தின் கைநாட்டுப் பதிவேடு இருக்கவே இருக்கிறது.