விபத்துக்குப் பின் வரும் செலவு

இன்று நம் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. பாலைச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும், உர மூட்டையை ஏற்றி வருவதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் இவ்வண்டியாலேயே நடைபெறுகின்றன. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. ஆனால், அந்தக் காகிதம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அவர்கள் அறிந்து கொள்வது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகில்தான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குடியானவர் ஒருவர் தம் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு சந்தையிலிருந்து திரும்புகிறார். இருட்டில் மாடு ஒன்று குறுக்கே வர, வண்டி சரிந்து இருவரும் விழுகின்றனர். அவருக்குக் கால் எலும்பு முறிவு. அம்மையாருக்குத் தலையில் காயம். எதிரே வேறு வண்டி எதுவும் இல்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆகும். அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டிற்கு ஈடு செய்வது. ஓட்டியவருடைய வைத்தியச் செலவில் ஒரு ரூபாயும் அதிலிருந்து வாராது. பின்னால் அமர்ந்த அம்மையார் மூன்றாம் நபர்தானே என்று கேட்கலாம். சட்டத்திற்கு வேண்டிய குறைந்த அளவுப் பாலிசி மட்டும் இருப்பின், இலவசமாகப் பின்னால் அமர்ந்து வருபவர் அதில் அடங்கார் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்திருக்கிறது. விரிவான பாலிசியாயின் அவர் ஈடு கோர வழியுண்டு. கட்டணம் குறைவு என்பதற்காகவே பாலிசியைத் தேர்ந்தெடுப்போர் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

உரிமையாளரே ஓட்டும்பொழுது நேரும் விபத்திற்கென 15 லட்சம் ரூபாய்க் காப்பு ஒன்றும் உண்டு. அதுவும் மரணத்திற்கும், கை, கால், கண் இழப்பிற்கும், நிரந்தர முழு ஊனத்திற்குமே உரியது. முறிந்து பின் கூடிய எலும்பிற்கு அன்று. ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கும், பழைய வண்டியை வாங்கிப் பதிவைத் தம் பெயருக்கு மாற்றாமல் ஓட்டுபவருக்கும் அதுவும் கிட்டாது. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே அளிக்கப்படுகிறது. அது முடியும் நாளைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதன்பின் தம் வண்டியால் ஒருவர் இறந்தால், ஈட்டுத் தொகைக்காக நிலத்தையே விற்க நேரலாம்.

ஆகவே, மேற்படி குடியானவர் நம்பத்தக்கவை அரசின் திட்டங்களே. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துற்ற எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை எதுவும் வேண்டியதில்லை. மத்திய அரசு 2025 மே மாதத்தில் வெளியிட்ட திட்டமோ, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் சிகிச்சைக்கு வழி செய்கிறது. எனினும் இரண்டும் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளையே சாரும். 108க்குச் சொல்லாமல் கிடைத்த காரில் ஏற்றி, அருகிலிருக்கும் ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கோ, கட்டு வைத்தியரிடமோ கொண்டு செல்வதால் இவ்வுரிமை நழுவிப் போகிறது. அவசரத்தில் யாரும் விசாரிப்பதில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அதனாலேயே முன்கூட்டி அறிந்திருத்தல் வேண்டும்.

அந்நாட்கள் கழிந்தபின் துணை நிற்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று பெற்று அட்டையை முன்பே வாங்கி வைத்திருத்தல் அவசியம். வீட்டிற்குப் புதிதாக வந்த மருமகளின் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

போலீஸ், கோர்ட் என்று அலைவானேன் எனப் புகார் கொடுக்காமல் விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். மோதியது வேறு வண்டியாயின் இது பெரிய நஷ்டம். முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், மருந்துச் சீட்டுகள் இவையின்றி விபத்து ஈட்டுத் தீர்ப்பாயத்தில் கோரிக்கையை நிலைநாட்டுதல் கடினம். சிகிச்சைச் செலவுடன் கூலியிழப்பையும் அங்கே கோரலாம். மனுவிற்குச் சட்டம் குறித்துள்ள காலம் ஆறு மாதம். மோதிய வண்டி நில்லாமல் ஓடி, எதுவென்று தெரியாமற் போனால், 2022 ஏப்ரல் முதல் படுகாயத்திற்கு 50,000 ரூபாயும் மரணத்திற்கு 2 லட்சம் ரூபாயும் அளிக்கும் திட்டம் உண்டு. இதற்குரிய மனுவை வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

தாமே விழுந்தவரின் கூலியிழப்பிற்கு மேற்சொன்னவற்றில் ஈடு இல்லை. கால் முறிந்தவர் ஒரு போகம் முழுவதும் வயலில் இறங்க இயலாது. வட்டிக்கடைக்குச் செல்லுமுன் கூட்டுறவு வங்கியின் நகைக் கடனை விசாரிப்பது நன்று. வீடு திரும்பியபின் வேண்டிய இயன்முறைச் சிகிச்சையை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டிற்கே வந்து இலவசமாக அளிக்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. திட்டங்களில் சேர்ந்த அருகாமை ஆஸ்பத்திரிகளின் பெயர்களை எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். அடுத்த கிராம சபைக்கு வருவோரை வண்டியின் பாலிசியையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்து வரச் சொல்லி, காலாவதியானவற்றையும் அட்டையில்லாத வீடுகளையும் அன்றே குறித்துக்கொள்ளலாம்.