காரீயத்தைத் தாள் தாளாகப் பிரித்தல்

மாணவர் கையிலுள்ள பென்சிலின் கரிய முனை காரீயமும் களிமண்ணும் சேர்ந்ததாகும். காரீயமோ காபன் அணுக்கள் அறுகோண வலைபோல் கோத்து நிற்கும் தாள்களின் அடுக்கு. ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஏறத்தாழ 30 இலட்சம் தாள்கள் உள. அவற்றுள் தனியொரு தாளே கிராபீன்.

2004ஆம் ஆண்டில் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கைம், கொன்ஸ்தந்தீன் நொவசெலோவ் ஆகியோர் ஒட்டும் நாடாவால் காரீயத்தை உரித்து, இத்தாளைப் பிரித்து ஆராய்ந்தனர். 2010இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் நாடாவால் உரித்துப் பெறுவது அணுவளவே. பெருந்தொகை வேண்டுமாயின் இரசாயனத்தையே நாடவேண்டும்.

அடர்ந்த சல்பூரிக்கமிலத்தில் காரீயத்தையும் சோடியம் நைத்திரேற்றையும் இட்டு, குளிர்வித்து, பொற்றாசியம் பரமங்கனேற்றைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது 1958இல் ஹம்மர்ஸ், ஒஃப்மன் ஆகியோர் வெளியிட்ட முறை. ஒட்சிசன் தாள்களிற் பற்றிக்கொள்ள, அவற்றின் இடைவெளி இருமடங்கு அல்லது அதற்கு மேலும் விரிகின்றது. இவ்வாறு பிறக்கும் கபில நிறக் காரீய ஒட்சைட்டு நீரிற் கலக்கினால் தாள் தாளாகப் பிரிந்து மிதக்கும்.

எனினும் அத்தாளில் மின் நன்கு பாயாது. பிரித்து வைத்த ஒட்சிசனே இப்போது தடையாகின்றது! ஆகவே அதனை அகற்றவேண்டும், இதுவே தாழ்த்தல். ஐதரசீன் சேர்த்துச் சூடாக்கினால் கபில நிறம் கருமையாகும். மின்கடத்தும் இயல்பும் பெரிதும் மீளும். ஜேர்மன் அறிஞர் போயெம் 1962இலேயே இவ்வழியில் மிக மெல்லிய காபன் தாள்களைப் பெற்று, இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டார்.

ஆயினும் ஒட்சிசன் முற்றாக நீங்குவதில்லை. வலையிற் சில இடங்களில் ஓட்டைகளும் எஞ்சும். ஆதலால் இப்பொருள் நாடாவால் உரித்த தாளுக்கு நிகரன்று. மின்கலம், மின்கடத்தும் மை, பூச்சு முதலியவற்றுக்கோ இதுவே போதும். ஐதரசீன் கொடிய நஞ்சாதலால், தேசிக்காயிலும் நெல்லிக்கனியிலும் உள்ள உயிர்ச்சத்து ‘சி’யைக் கொண்டும் தாழ்த்தலை நடத்துகின்றனர். எனினும் முதற்படி அமிலத்தோடு கூடியது, வெடிக்கவும் கூடும். மாணவர் வீட்டிற் செய்து பார்க்கத் தக்கதன்று.

நம் நாட்டுக்கும் இதில் உரிமையுண்டு. போகலைச் சுரங்கத்திற் கிடைக்கும் நரம்புக் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது. அதனைத் தோண்டி அப்படியே கப்பலேற்றினால் கிடைப்பது கல்லின் விலை. தாளாகப் பிரித்து அனுப்பினால் கிடைப்பது அறிவின் விலை. இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் இத்துறையில் முயன்றுள்ளனர். இன்று இரசாயனம் பயிலும் மாணவர் அம்முயற்சியைத் தொடர்வாராக.