குறிப்பேட்டிலிருந்து அரங்கிற்கு: ஒரு பூர்வகுடி நடனம் காட்டும் 'நான்'

மொழியை ஆவணப்படுத்துவோர் சொற்களைப் பேணிக் காக்கின்றனர். அச்சொற்களைத் தந்தவரோ பெரும்பாலும் மறக்கப்படுகிறார். அவ்வாறு பின்னுக்குத் தள்ளப்பட்ட ஒருவரை நடனம் எவ்வாறு முன்னே கொண்டுவருகிறது என்பதை, ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் தற்கால நடனம் ஒன்றைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

1788இல் சிட்னியில் ஆங்கிலேயர் குடியேறினர். அவர்களுடன் வந்த வில்லியம் டாவ்ஸ் என்னும் படை அலுவலர் வானியலிலும் ஈடுபாடு உடையவர். அவருக்கு அந்நிலத்து மொழியைக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் பட்டியகராங் என்னும் இளம்பெண். 1790, 1791ஆம் ஆண்டுகளில் டாவ்ஸ் எழுதிய குறிப்பேடுகள் இன்று இலண்டனில் உள்ளன.

அவை வெறும் சொற்பட்டியல்கள் அல்ல. உரையாடல்களும் அவற்றில் உண்டு. 'புட்டுவா' என்றொரு வினைச்சொல்லைக் காண்கிறோம். தீயில் தன் கையைச் சூடாக்கி, மற்றவரின் விரல்களை மெல்ல அழுத்துதல் என்பது அதன் பொருள். வேறோரிடத்தில், அம்மக்கள் ஏன் சினங்கொண்டுள்ளனர் என வினவுகிறார் டாவ்ஸ். வெள்ளையர் இங்கே வந்து தங்கிவிட்டதே காரணம் என்பது பட்டியகராங்கின் விடை. ஒரே ஏட்டில் நெருக்கமும் கண்டனமும் அருகருகே நிற்கின்றன.

தமிழில் 'கண்டேன்' என்பதன் ஈறு 'நான்' என்பதை உணர்த்துவதுபோல, அம்மொழியின் வினையும் செய்தவரைத் தன் ஈற்றில் காட்டும். எனவே குறிப்பேட்டில் 'நான்' உண்டு. ஆயின் எழுதுகோல் டாவ்ஸின் கையில் இருந்தது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

இந்நிலையை மாற்றிப் பார்த்தது பங்காரா நடனக் குழு. 1989இல் தொடங்கப்பட்ட இக்குழுவின் பெயர் விராட்ஜுரி மொழியில் 'தீ மூட்டுதல்' எனப் பொருள்படும். அதன் கலை இயக்குநராக விளங்கிய ஸ்டீவன் பேஜ், 2014இல் 'பட்டியகராங்' என்னும் நடனத்தை அரங்கேற்றினார். ஏட்டில் தகவல் தந்தவராக நின்றவர், அரங்கில் கதையின் நாயகியாகிறார். கற்பவர் டாவ்ஸ்; கற்பிப்பவர் அவர்.

இது பழைய சடங்காட்டத்தின் நகலன்று. இக்குழுவின் கலைஞர்கள் வெவ்வேறு பூர்வகுடிகளைச் சேர்ந்தவர்கள். மரபு அசைவுகளோடு தற்கால நடன நுட்பங்களையும் பயின்றவர்கள். அவர்கள் கொள்ளும் அடையாளம் கடந்த காலத்தில் உறைந்துவிட்ட ஒன்றன்று என்பதை இக்கலவையே புலப்படுத்துகிறது. வரலாற்றுப் பட்டியகராங் எவ்வாறு நடந்தார், எவ்வாறு நகைத்தார் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. நடனம் காட்டுவது இன்றைய வழித்தோன்றல்கள் அவரைப் பற்றிக் கொண்ட உணர்வையே. அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. தம்மைப் பற்றித் தாமே கூறும் உரிமையாகக் கொள்ளுதலே தகும்.

வட்டார வழக்குகளையும் முதியோர் பேச்சையும் திரட்டும் மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொல்லையும் பொருளையும் எழுதியபின், அதனைச் சொன்னவர் யார், எச்சூழலில் சொன்னார், தம்மைப் பற்றி என்ன சொல்ல விரும்பினார் என்பவற்றையும் கேட்டு எழுதுக. ஆசிரியர்கள் இப்பழக்கத்தை வகுப்பறையிலேயே தொடங்கிவைத்தல் நலம்.