டிரோன் பறக்கும் நிலையும் சமிக்ஞையின் வலிமையும்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் வட்டாரம், ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிடும் பூமியாகும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது இம்மாவட்டத்திலும் பெருமழை பெய்து வயல்கள் நீரில் மூழ்கின. அத்தகைய காலங்களில் சேறும் நீருமாய்க் கிடக்கும் ஆயக்கட்டு முழுவதையும் ஓரிரு நாட்களில் நடந்து பார்த்து முடிப்பது எளிதன்று. டிரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் யந்திரத்தை அனுப்பிப் படம் பிடிப்பது இதற்குப் பெரிதும் அனுகூலமானது. ஆனால் யந்திரம் பாதி வழியில் சமிக்ஞையை இழந்து திரும்பிவிடுமாயின், கடைமடைக் குடியானவரின் நிலம் படத்தில் வராமலே போய்விடும். படத்தில் வராத நிலத்தின் சேதம் கணக்கிலும் விடுபடக்கூடும். ஆகையால் சமிக்ஞை எதனால் குறைகிறது என்பதைப் பட்டாதாரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

சமிக்ஞை குறைவதற்குத் தூரம் ஒன்றே காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். தூரம் ஒரு காரணமே. வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறையும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்காகும். எனினும், ஒரே தூரத்தில் ஒரே உயரத்தில் நிற்கும் டிரோன் முகத்தைத் திருப்பினாலும் உடலைச் சாய்த்தாலும் சமிக்ஞை ஏறி இறங்குவதைக் காணலாம். இவ்விரண்டாவது காரணமே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது.

ரிமோட்டிலிருந்தும் டிரோனிலிருந்தும் ரேடியோ அலைகளை அனுப்புவதும் பெறுவதும் ஆன்டெனா என்னும் சிறு கம்பியாகும். இவ்யந்திரங்களிற் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அவ்வலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதற்கேற்ற சாதாரண ஆன்டெனா அதிற் பாதியாகிய சுமார் 6 சென்டிமீட்டர் நீளமுடையது. இக்கம்பி எல்லாத் திசைகளிலும் சமமாக அலைகளை வீசுவதில்லை. தண்ணீர்க் குடம் சுமப்பவர் தலையில் வைக்கும் சும்மாட்டின் நடுவே ஒரு குச்சியை நிறுத்தியதாகக் கொள்வோமாயின், குச்சியே ஆன்டெனா; சும்மாடு இருக்கும் பக்கமே அலை வீசும் பக்கம். குச்சியின் பக்கவாட்டில் சமிக்ஞை மிகுதி. அதன் நுனி நோக்கும் திசையிலோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. புதிதாய்ப் பழகுவோர் ரிமோட்டின் ஆன்டெனா நுனியைத் துப்பாக்கி முனைபோல டிரோனை நோக்கிக் குறிபார்ப்பதுண்டு. இது நேர்மாறான செய்கையாகும். செலுத்துபவரின் தலைக்கு நேர் மேலே டிரோன் நிற்கும்போது, அருகிலேயே இருந்தும் சமிக்ஞை தளர்வதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது அலை அதிரும் தளம். நின்ற கம்பியிலிருந்து வரும் அலை மேலும் கீழுமாக அதிரும். படுத்த கம்பியிலிருந்து வரும் அலை பக்கவாட்டில் அதிரும். இவ்வுண்மை நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் மிகச் சிறிய ரேடியோ அலைகளைக் கொண்டு பரீக்ஷைகள் நடத்தி, முறுக்கிய சணல் நார்க் கட்டுகளின் வழியே செல்லும்போது அவற்றின் அதிர்வுத் தளம் திரும்புவதை 1898-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பின் முழுச் சக்தியும் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே 45 பாகை சாய்வு ஏற்பட்டால் சக்தி பாதியாகும்; 60 பாகையானால் நான்கில் ஒரு பங்காகும். ஒன்று நின்றும் மற்றது படுத்தும் இருப்பின், கணக்கின்படி ஒன்றும் கிடைக்கலாகாது. தரையிலும் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகளால் மட்டும் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கிடைக்கலாம். நூறில் ஒரு பங்கு என்பது தூரத்தைப் பத்து மடங்கு கூட்டியதற்குச் சமம். அதாவது 5 கிலோமீட்டர் எட்ட வேண்டிய சமிக்ஞை அரை கிலோமீட்டரிலேயே தளர்ந்துவிடும்.

பறக்கும் டிரோன் ஒருபோதும் நேராக நிற்பதில்லை. முன்னே செல்வதற்கு முன்பக்கம் கவிழ வேண்டும். எதிர்க்காற்றில் இன்னும் அதிகம் கவிழ வேண்டும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து காற்று பலமாய் வீசுங்கால், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைப் பக்கமாக மேற்கே செல்லும் டிரோன் மிகுதியாகச் சாயும். அதே வேகத்தில் கிழக்கே திரும்புங்கால் குறைவாகச் சாயும். செலுத்துபவரை விட்டு நேரே விலகிச் செல்லும்போது 30 பாகை கவிழ்ந்தால், நின்ற ஆன்டெனாவின் சக்தி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகும். அவர் முன்னே குறுக்காகச் செல்லும்போதோ அதே கவிழ்வு இரு கம்பிகளையும் ஒன்றுக்கொன்று சாய்த்து, அதிர்வுத் தளத்தை மாற்றிவிடும்.

மூன்றாவது, யந்திரத்தின் உடலே மறைப்பாவது. பேட்டரி, உலோகப் பாகங்கள், கார்பன் நார்ச் சட்டம் ஆகியவை ரேடியோ அலைகளைத் தடுக்கும். மருந்து தெளிக்கும் டிரோனில் நிரம்பிய தொட்டியின் நீரும் அவ்வாறே. ஆன்டெனா முன்பக்கம் இருக்குமாயின், போகும்போது யந்திரத்தின் வால் செலுத்துபவரை நோக்குவதால் உடல் குறுக்கே நிற்கும், வரும்போது தடையிராது. போகும் வழியில் அறுந்த சமிக்ஞை, அதே இடத்தில் வரும் வழியில் நன்றாயிருப்பதன் காரணம் இதுவே. இக்குறையை நீக்கவே பல டிரோன்களில் இரண்டு ஆன்டெனாக்கள் வெவ்வேறு இடங்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன.

தம் யந்திரத்தின் பலவீனமான பக்கத்தை எவரும் எளிதில் கண்டறியலாம். காற்று அமைதியான காலை வேளையில், திறந்த வெளியில், கண்ணுக்குத் தெரியும்படி சுமார் 300 மீட்டர் தூரத்தில் டிரோனை ஒரே உயரத்தில் நிறுத்துக. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள் இருப்பதுபோல், டிரோனின் முகத்தை எட்டுத் திக்குக்கும் முறையே திருப்பி, ஒவ்வொன்றிலும் ரிமோட் காட்டும் சமிக்ஞை அளவைக் குறித்துக்கொள்க. எப்பக்கம் செலுத்துபவரை நோக்கும்போது அளவு குறைகிறதோ, அதுவே பலவீனமான பக்கம்.

நெடுந்தூரம் செலுத்துவோர் கீழ்க்கண்டவற்றை அனுசரிக்க வேண்டும்:

1. ரிமோட் ஆன்டெனாவின் நுனி டிரோனை நோக்கலாகாது. அதன் பக்கவாட்டே நோக்க வேண்டும். தட்டையான ஆன்டெனாவாயின் அகன்ற முகம் நோக்க வேண்டும். டிரோன் நகர நகரச் செலுத்துபவரும் உடன் திரும்புதல் நலம். அவருடைய உடலும் ஒரு மறைப்பே.

2. ஆளை மறைக்கும் கரும்புத் தோட்டத்தினுள்ளோ மரத்தடியிலோ நின்று செலுத்தாமல், ஏரிக்கரை போன்ற மேட்டில் நிற்க வேண்டும். ஈரமான இலைகள் அலைகளை உறிஞ்சும்.

3. சமிக்ஞை தளர்ந்தால் பதறி வேகத்தைக் கூட்டலாகாது. வேகம் கூடினால் சாய்வும் கூடும். டிரோனை நிறுத்தி, அதன் நல்ல பக்கம் தம்மை நோக்குமாறு மெதுவாகத் திருப்ப வேண்டும்.

4. சமிக்ஞை அறுந்தால் புறப்பட்ட இடத்திற்குத் தானே திரும்பும் ஏற்பாட்டையும், வழியிலுள்ள மரங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலான திரும்பும் உயரத்தையும் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டும்.

5. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரையிலேயே முன் அனுமதியின்றிப் பறக்கலாம். சமிக்ஞைக்காக இவ்வெல்லையை மீறலாகாது. மணிப்பூரில் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி பிஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள காராங் தீவுக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தூரம் தடுப்பூசி கொண்டுசென்ற டிரோனும் தனி அனுமதி பெற்றே பறந்தது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிரோன் ஆய்வின் படங்களை ஏற்குமுன், யந்திரம் பறந்த பாதையின் பதிவையும் கேட்டுப் பெற்று, அதனைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். பாதை எந்தச் சர்வே எண்ணோடு நின்றதோ, அதற்கப்பாலுள்ள நிலங்களுக்கு மறுமுறை வேறிடத்திலிருந்து டிரோனை அனுப்ப வேண்டும். அது இயலாவிடில் நேரில் நடந்து சென்று பார்க்க வேண்டும். ஆன்டெனா ஒரு பக்கம் சாய்ந்த காரணத்தால் ஒரு குடியானவரின் நஷ்டம் கணக்கில் ஏறாமற் போகலாகாது.